கோடியக்கரைக்கு எந்த லென்ஸ்?

பூநாரைகளைப் படம் எடுக்கக் கோடியக்கரைக்குக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது ஒரே கேள்விதான்: எத்தனை மில்லிமீட்டர் வேண்டும்? 400 போதுமா, 600 வாங்க வேண்டுமா, அதற்கு மேல் டெலிகன்வெர்ட்டரும் (லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டி உருவத்தைப் பெரிதாக்கும் துணை லென்ஸ்) மாட்டிக்கொள்ளலாமா? நியாயமான கேள்விதான். லென்ஸுக்குப் போகும் காசு சின்னக் காசு இல்லை. ஆனால் கோடியக்கரையில் படம் கூர்மையாக வருமா, வராதா என்பதை முடிவு செய்வதில் காற்றுக்கு இருக்கும் பங்கு லென்ஸுக்கு இல்லை என்பது அங்கே போய்ப் போய் எனக்குப் பட்ட விஷயம். அதனால் லென்ஸ் கணக்கோடு காற்றின் கணக்கையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் இடம். வேதாரண்யத்துக்குத் தெற்கே, வங்காள விரிகுடாவும் பாக் நீரிணையும் சந்திக்கிற முனையில் இருக்கிறது கோடியக்கரை. 1967-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2002-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. கடலோரமாக உலர் பசுமைமாறாக் காடு, அதையொட்டி வெளிமான்கள் மேயும் புல்வெளி, மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம்வரை சதுப்பும் உப்பளமும். 2018 நவம்பரில் கஜா புயல் இந்தப் பக்கம் கரையேறியபோது காட்டில் ஏராளமான மரங்கள் சாய்ந்தன. வடகிழக்குப் பருவமழையில் சதுப்பு நிரம்பும். மழை ஓய்ந்து தண்ணீர் வடிய வடிய, இரை கிடைக்கும் இடங்களில் பறவைகள் கூடும். பூநாரைகள் எத்தனை வரும், எங்கே நிற்கும் என்பதெல்லாம் அந்த வருஷத்துத் தண்ணீரைப் பொறுத்தது. போன வருஷம் நின்ற இடத்தில் இந்த வருஷம் நிற்கும் என்று நம்பிப் போகக் கூடாது.

நாம் நிற்பது சாலையிலோ வரப்பிலோதான். அதற்கு மேல் போனால் கால் சேற்றில் புதையும். அனுமதியும் இல்லை. போகவும் கூடாது. தவறிப்போய் ஒருவர் இறங்கினாலும் மொத்தக் கூட்டமும் எழுந்து பறந்துவிடும். ஆக, பறவை 150 மீட்டரில் நிற்கலாம், 300 மீட்டரிலும் நிற்கலாம். அந்த இடைவெளியை நாம் குறைக்க முடியாது, பறவை மனசு வைத்தால்தான் உண்டு.

இப்போது கணக்கு. பெரிய பூநாரை நின்றால் சுமார் ஒன்றேகால் மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். 200 மீட்டர் தூரத்தில் 600 மி.மீ. லென்ஸ் அதன் உருவத்தை, கேமராவுக்குள் படத்தைப் பதியும் சென்சாரில் 3.75 மி.மீ. உயரத்துக்கு விழவைக்கும். பறவையின் உயரத்தை லென்ஸின் ஃபோகல் லெங்த்தால் (400, 600 என்று சொல்லும் அந்த மில்லிமீட்டர் எண்) பெருக்கி, தூரத்தால் வகுத்தால் வருவதுதான் இது. பழைய ஃபிலிம் சட்டத்தின் அளவுள்ள ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் உயரம் 24 மி.மீ., அதனால் பறவை சட்டத்தில் ஆறில் ஒரு பங்குகூட நிறையாது. அதைவிடச் சின்ன சென்சார் உள்ள ஏபிஎஸ்-சி கேமராவில் சுமார் நாலில் ஒரு பங்கு. அதே இடத்தில் 400 மி.மீ. வைத்திருந்தால் 2.5 மி.மீ.தான். எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம் இது: 600 கையில் இருந்தாலும் 200 மீட்டர் பூநாரை படத்தில் சின்னதாகத்தான் இருக்கும். பத்திரிகை அட்டையில் வருவது போன்ற நெருக்கமான முகத்தை எதிர்பார்த்துப் போகிறவர் எவ்வளவு செலவழித்தாலும் ஏமாறுவார். கூட்டமாக, தண்ணீரோடும் வானத்தோடும் சேர்த்து எடுக்கலாம் என்று போகிறவருக்கு 400-லேயே அருமையான படங்கள் உண்டு.

ஏபிஎஸ்-சி வாங்கினால் ஒன்றரை மடங்கு 'ரீச்' (தூரத்தை எட்டும் திறன்) கிடைக்கும் என்று சொல்வார்கள். அது சரிதான், ஆனால் அந்த ஒன்றரை எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். என்னிடம் இருப்பது ஏபிஎஸ்-சி கேமராவான நிக்கான் டி500, 20.9 மெகாபிக்சல். சென்சாரில் ஒரு மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 237 பிக்சல். அதே நிக்கானின் டி850 ஃபுல் ஃப்ரேம், 45.7 மெகாபிக்சல், ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 230. அதாவது ஒரே லென்ஸை மாட்டினால் தூரத்துப் பறவைமேல் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே எண்ணிக்கையில் பிக்சல்களைத்தான் வைக்கின்றன. 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் என்றால் அது 167 ஆகக் குறைந்துவிடுகிறது. தூரத்து விலங்குக்கு கேமரா தேடுகிறவர்கள் சென்சார் அளவைப் பார்ப்பதோடு இந்த எண்ணையும் பார்க்க வேண்டும். நான் டி500-ல் நின்றுவிட்டதற்கு இதுதான் காரணம். எல்லாரும் உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்களுக்கு மாறுவதால், கண்ணாடி உள்ள இந்த மாதிரி டிஎஸ்எல்ஆர்கள் இப்போது இரண்டாம் கையில் நல்ல நிலையில் கிடைக்கின்றன. மிரர்லெஸ்ஸில் பறவையின் கண்ணைத் தேடிப் பிடிக்கும் வசதி இருக்கிறது, அதுவும் பெரிய உதவிதான். ஆனால் 200 மீட்டரில் நிற்கும் பூநாரையின் கண் சில பிக்சல்கள்தான். அங்கே அந்த வசதிக்குப் பெரிய வேலை இருக்காது. பக்கத்தில் பறக்கும் ஆலா என்ற நீர்ப்பறவைகளை எடுக்கும்போது அது தன் மதிப்பைக் காட்டும்.

பலரும் கவனிக்காத இன்னொரு எண் இருக்கிறது. ஃபோகல் லெங்த்தை எஃப் எண்ணால் (லென்ஸின் பெயரில் மில்லிமீட்டருக்குப் பின் வரும் எண்) வகுத்துப் பாருங்கள். 600 எஃப் 6.3 என்றால் 95 மி.மீ. 500 எஃப் 5.6 என்றால் 89. கேனனின் 800 எஃப் 11 என்றால் 73. பத்து லட்சத்துக்கு மேல் விலை சொல்லும் 600 எஃப் 4 என்றால் 150. இதுதான் லென்ஸ் திறந்து வைத்திருக்கும் வாயின் விட்டம். தூரத்துப் பறவையிடமிருந்து வரும் ஒளியில் எவ்வளவு நம் கேமராவுக்குள் வருகிறது என்பதை இதுதான் தீர்மானிக்கிறது. 600 எஃப் 6.3-இல் 1.4 மடங்கு கன்வெர்ட்டரை மாட்டினால் அது 840 எஃப் 9 ஆகிறது. வகுத்துப் பார்த்தால் ஏறக்குறைய அதே 95 மி.மீ.தான். உருவம் பெரிதாகத் தெரியும், பறவையிடமிருந்து கூடுதலாக ஒரு துளி ஒளியும் வராது. நிறைய பிக்சல் உள்ள கேமராவில் எடுத்த படத்தின் ஓரங்களை வெட்டி க்ராப் செய்தாலே கிட்டத்தட்ட அந்தப் பலன் கிடைத்துவிடும். கன்வெர்ட்டர் மாட்டி எஃப் 9 ஆகும்போது விடிகாலையில் ஆட்டோஃபோகஸ் தடுமாறுமே, அந்தத் தொல்லையும் க்ராப்பில் இருக்காது.

நிக்கான் பி1000 மாதிரி கேமராக்களைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 3000 மி.மீ. என்று பெட்டியில் போட்டிருக்கும். அது ஃபுல் ஃப்ரேமுக்குச் சமமாகச் சொல்லும் கணக்கு. உள்ளே இருக்கும் லென்ஸின் உண்மையான ஃபோகல் லெங்த் 539 மி.மீ., முழு ஜூமில் எஃப் 8. விட்டம் 67. சென்சார் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. ஆனாலும் இதை யாரும் மட்டமாகப் பேசுவதை நான் ஏற்க மாட்டேன். எடை ஒன்றரைக் கிலோவுக்குள். நல்ல வெயிலில், தூரத்தில் நிற்பது எந்த உள்ளான் (நீரோரத்தில் மேயும் சிறு பறவை) என்று அடையாளம் காண இதைவிடச் சுலபமான கருவி எனக்குத் தெரியாது. பறவை எண்ணிக்கைக்குப் போகிறவர்களுக்கு இது தாராளமாகப் போதும். விடியற்காலை மங்கல் ஒளியிலோ பறக்கும் பறவையிலோதான் அது திணறும்.

இனி காற்று.

ஒரு ஜனவரிக் காலை. எங்களோடு வந்த நண்பர் ஒருவர் 600 எஃப் 4 வாடகைக்கு எடுத்து வந்திருந்தார். மேலே 1.4 கன்வெர்ட்டர், கீழே கனமான ட்ரைபாட். விடுதியில் இட்லி சாப்பிட்டு, சாமான்களை ஏற்றிக்கொண்டு வரப்புக்கு வந்து சேரும்போது மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. கூட்டம் நன்றாக நின்றிருந்தது. கழுத்தை நீட்டி, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிக்கொண்டு கும்பலாக நடக்கின்றனவே, அந்த நடை. அவர் வரிசையாக அடித்துத் தள்ளினார். பின்திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் ஒன்றிலும் கால் நேராக இல்லை. மெழுகு உருகி வழிந்த மாதிரி கால்கள் நெளிந்திருந்தன, அலகின் கறுப்பு முனை கழுத்தோடு கலந்து கிடந்தது. ஃபோகஸ் தப்புகிறது என்று நினைத்து அவர் லென்ஸைக் கழற்றினார், மாட்டினார், கன்வெர்ட்டரை எடுத்தார், ஷட்டர் வேகத்தை 1/4000 வரை ஏற்றினார். ஒன்றும் மாறவில்லை.

கூட வந்திருந்த வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "சார், கானல் எறங்கிடுச்சு. இனிமே நீங்க எதை மாட்டினாலும் ஆடத்தான் செய்யும். நாளைக்கு ஆறரைக்கு வந்துடுங்க."

"மேகம் போட்டா எப்படிண்ணே?" என்று நான் கேட்டேன்.

"மேகம் போட்டா பதினோரு மணி வரைக்கும்கூட எடுக்கலாம். மழை பேஞ்ச மறுநாளு பாருங்க, கண்ணாடி மாதிரி இருக்கும்."

அவர் சொன்னதன் காரணம் எளிமையானது. வெயில் ஏறியதும் வெள்ளை உப்பும் காய்ந்த சேறும் ஒரு வேகத்தில் சூடாகின்றன, தண்ணீர் வேறொரு வேகத்தில். அதன்மேல் இருக்கும் காற்று ஒரே சூட்டில் இல்லாமல் திட்டுத் திட்டாக மேலே எழும்புகிறது. சூடான காற்றிலும் குளிர்ந்த காற்றிலும் ஒளி ஒரே மாதிரி வளைவதில்லை. பறவையிடமிருந்து கிளம்பும் ஒளி இந்தத் திட்டுகள் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வளைந்துதான் நம்மிடம் வருகிறது. தூரம் கூடக் கூட வளைவு கூடும். தரையை ஒட்டி அது இன்னும் மோசம். பெரிய லென்ஸ் பறவையைப் பெரிதாக்கும்போது இந்த நெளிவையும் சேர்த்தே பெரிதாக்குகிறது. ட்ரைபாட், ஸ்டெபிலைசேஷன், ஷட்டர் வேகம் எல்லாம் நம் கை நடுக்கத்துக்கு மருந்து. நடுவில் இருக்கும் காற்றை அவற்றால் நிறுத்த முடியாது.

லென்ஸில் கோளாறா, காற்றில் கோளாறா என்று அங்கேயே கண்டுபிடிக்கலாம். அதே அமைப்பில், இருபது முப்பது மீட்டரில் இருக்கும் ஒரு கம்பத்தையோ வரப்பில் கிடக்கும் உப்பு மூட்டையையோ எடுத்துப் பாருங்கள். சாக்கின் நூலிழை தெளிவாக விழுந்தால் லென்ஸ் நன்றாக இருக்கிறது. அப்புறம் பின்திரையின் லைவ் வியூவில் பெரிதாக்கி, தூரத்துப் பறவையையே சில விநாடிகள் பார்த்துக்கொண்டிருங்கள். விளிம்புகள் கொதிக்கிற மாதிரி அசைந்தால் காற்றுதான். அப்படி லேசாக அசையும்போது ஒரே இடத்தில் பத்துப் பதினைந்து படம் தொடர்ந்து அடித்தால், காற்று நடுவில் ஒரு கணம் அடங்கிய வேளையில் ஒன்றிரண்டு தேறும். பலமாகக் கொதித்தால் கேமராவை இறக்கிவைத்துவிட்டு பைனாகுலரை எடுப்பதுதான் நல்லது.

நாமே உண்டாக்கும் கானலும் இருக்கிறது. இஞ்சின் சூடாக இருக்கும் காரின் பானட்டுக்கு மேலாக எடுப்பது. ஏசி போட்ட காரில் கண்ணாடியை இறக்கிய உடனே எடுப்பது, உள்ளேயிருந்து வரும் குளிர்காற்றும் வெளியே இருக்கும் புழுக்கமும் லென்ஸின் வாயிலேயே கலக்கும். இஞ்சினை அணைத்து, ஏசியை முன்கூட்டியே நிறுத்தி, எல்லாக் கண்ணாடியையும் இறக்கி ஐந்து நிமிஷம் விட்டுவிட்டு எடுங்கள்.

சரி, இதையெல்லாம் வைத்து லென்ஸை எப்படித் தேர்ந்தெடுப்பது? கோடியக்கரையில் நல்ல படத்துக்கான நேரம் விடிந்ததிலிருந்து ஒன்றரை, இரண்டு மணி நேரம். சாயங்காலம் சூடு தணிந்தபின் இன்னும் கொஞ்சம். அந்த நேரத்தில் வரப்பில் நடந்துகொண்டே, பறவை எழும்போது சட்டென்று தூக்கி எடுக்க வேண்டும். ஆக, கையில் வைத்து எடுக்க முடிகிற எடை, 500-600 வரை நீளும் ஜூம், மங்கலான ஒளியைத் தாங்கும் விட்டம், இந்த மூன்றும் கூடுகிற இடம்தான் நமக்கு வேண்டியது. நிக்கான் 200-500 எஃப் 5.6, சோனி 200-600, நிக்கான் இசட் 180-600, சிக்மா, டாம்ரான் 150-600 எல்லாம் அந்த வட்டத்துக்குள் வருகின்றன. எடை ஏறக்குறைய இரண்டிலிருந்து இரண்டேகால் கிலோ. சிக்மாவில் ஸ்போர்ட் என்று வரும் பழைய டிஎஸ்எல்ஆர் வகை மட்டும் மூன்று கிலோவை நெருங்கும், அது வேறு கணக்கு. இவற்றில் சோனியும் நிக்கான் இசட்டும் ஜூம் செய்யும்போது நீளுவதில்லை. உப்புத் தூசி பறக்கும் இடத்தில் குழல் வெளியே போய் உள்ளே வராத லென்ஸுக்குத்தான் என் ஓட்டு.

கேனன் மிரர்லெஸ் வைத்திருக்கிறவர்களுக்கு ஆர்எஃப் 100-500 அருமையான லென்ஸ், ஆனால் விலை அதிகம். 200-800 நீளமானது, 800-இல் எஃப் 9, விட்டம் 89. வெயில் நாளுக்கு நல்லது. கையில் காசு குறைவு என்றால் வெறும் 635 கிராம் எடையுள்ள ஆர்எஃப் 100-400 போதும் என்று தைரியமாகச் சொல்வேன். பூநாரைக் கூட்டத்துக்கும், சாலையோரம் வரும் வெளிமானுக்கும், தலைக்கு மேல் பறக்கும் கூழைக்கடாவுக்கும் அது காணும். மிச்சக் காசில் ஓர் இரவு கூடுதலாகத் தங்குங்கள். இன்னொரு விடியற்காலை கிடைப்பது இன்னொரு 200 மில்லிமீட்டரைவிட அங்கே மதிப்பானது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

600 எஃப் 4 வாடகைக்கு எடுக்கலாமா என்றால், காட்டில் நிழலில் நிற்கும் விலங்குக்கு அது கண்கண்ட தெய்வம். கோடியக்கரையில் மூன்று கிலோவைத் தூக்கிக்கொண்டு நடப்பதற்கு ஈடான பலன் விடிந்த முதல் அரைமணி நேரத்தில்தான் கிடைக்கும். எந்த லென்ஸானாலும் வாடகைக்கு எடுப்பதாக இருந்தால் பயணத்துக்கு ஒரு நாள் முன்பே வாங்கி, உங்கள் கேமராவில் மாட்டி, மொட்டைமாடியிலிருந்து காக்கையையும் மைனாவையும் எடுத்துப் பழகுங்கள். டிஎஸ்எல்ஆர் என்றால் ஃபோகஸ் முன்னே பின்னே விழுகிறதா என்று பார்த்து, அந்த வசதி இருந்தால் கேமராவிலேயே திருத்திக்கொள்ளலாம்.

ட்ரைபாடை நான் எடுத்துப் போவதில்லை. ஒற்றைக்கால் தாங்கியான மோனோபாட் ஒன்று, லென்ஸுக்கு அடியில் வைக்கும் பீன் பேக் பை ஒன்று, காலியாக. பையை வேதாரண்யம் கடைத்தெருவில் இரண்டு கிலோ அரிசியோ பச்சைப்பயறோ வாங்கி நிரப்பிக்கொள்வேன். கார் ஜன்னலில் போட்டு அதன்மேல் லென்ஸைக் கிடத்தினால் 1/250-இல்கூட நிற்கும் பறவை கூர்மையாக விழும். திரும்பும்போது அரிசியை யாருக்காவது கொடுத்துவிட்டு வரலாம். வரப்போரத்தில் கொசு உள்ளான்கள் மேயும்போது அதே பையைத் தரையில் போட்டுப் படுத்துக்கொள்வேன். 13 சென்டிமீட்டர் நீளமுள்ள அந்தப் பறவை 30 மீட்டரில் இருந்தால் 600 லென்ஸிலும் ஒரு புள்ளிதான். ஆனால் அசையாமல் படுத்துக் கிடந்தால் அது மேய்ந்துகொண்டே பத்து மீட்டருக்குள் வந்துவிடும். அப்போது உருவம் மூன்று மடங்கு. எந்தக் கன்வெர்ட்டரும் தராத மூன்று மடங்கு அது, நடுவில் காற்றும் குறைவு.

வெளிச்சத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வேதாரண்யத்திலிருந்து வரும் சாலைக்கு மேற்கேதான் உப்பளம் என்பதால் காலையில் சூரியன் நம் முதுகுப்பக்கம் இருக்கும், நல்ல வசதி. வெள்ளை உப்பு சட்டம் முழுக்க நிறைந்தால் கேமரா ஏமாந்து படத்தை இருட்டாக்கும். எக்ஸ்போஷரை அரை, முக்கால் ஸ்டாப் (ஒளியின் அளவைச் சொல்லும் படி) கூட்ட வேண்டும். கருத்த தண்ணீருக்கு முன்னால் வெளிர்ந்த பூநாரை நின்றால் நேர்மாறாக, குறைக்க வேண்டும். பறக்கும்போது சிறகு விரிந்தால் தெரியும் சிவப்பையும் கறுப்பையும் பிடிக்க 1/2000-க்குக் குறையாத வேகம் வையுங்கள். ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) ஏறினால் ஏறட்டும், மணலாகத் தெரியும் படத்தைச் சரிசெய்யலாம், கலங்கிய படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

பைனாகுலர் இல்லாமல் போகாதீர்கள், 8x42 போதும். வரப்பில் எங்கே எது நிற்கிறது என்று கேமரா வழியே தேடுவது கைக்கும் கண்ணுக்கும் வலி. தூரத்தில் ஊசிவால் வாத்துகள் திடீரென்று மொத்தமாக எழுந்தால், மேலே ஏதாவது வேட்டைப் பறவை வந்திருக்கலாம். அதை முதலில் பார்ப்பது பைனாகுலர்தான்.

கடைசியாக உப்பு. ஏசி அறையில் இரவெல்லாம் கிடந்த லென்ஸை அப்படியே கடற்காற்றில் நீட்டினால் முன்கண்ணாடி வெள்ளையாகப் பனி படர்ந்துவிடும், நல்ல வெளிச்சத்தில் கால்மணி நேரம் போச்சு. இரவு கேமராவைப் பைக்குள் மூடியே வையுங்கள், கிளம்புவதற்கு அரைமணி நேரம் முன்பே பையோடு வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். ஊர் திரும்பியதும் லேசாக ஈரம் தொட்ட பருத்தித் துணியால் லென்ஸ் குழல், மவுண்ட்டைச் சுற்றிய விளிம்பு, ட்ரைபாட் காலர் திருகு, மோனோபாடின் பூட்டுகள் எல்லாவற்றையும் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். கண்ணாடியை மட்டும் முதலில் புளோயரால் ஊதிவிட்டுத் துடைக்க வேண்டும், உப்புத் துகள் ஒட்டியிருக்கும்போது தேய்த்தால் பூச்சில் கீறல் விழும். துடைத்து முடித்தபின் சிலிகா ஜெல் போட்ட டப்பாவில் இரண்டு நாள் மூடி வைத்துவிட்டு, அப்புறம் அலமாரிக்கு மாற்றுங்கள்.